சீசன் நேரத்து ஓட்டம்

பின்வாசல் படியில் யாரோ தட்டுகிற சத்தம் கேட்டு அமிர்தநாதன் திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தான். கை தானாகப் போய்ப் பக்கத்தில் கிடந்த மகளைத் தொட்டுப் பார்த்தது. வெரோணிக்கா கம்பளிக்குள் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்தப் பக்கம் ஜோசப்பின் படுத்திருந்த இடம் காலி. மறுபடியும் தட்டுகிற சத்தம். அப்புறந்தான் அவனுக்கு விளங்கியது. அவன் மனைவி கேன்வஸ் சப்பாத்தைப் படியில் தட்டி மண்ணை உதிர்த்துக்கொண்டிருக்கிறாள்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அரைகுறையாகத்தான் விடிந்திருந்தது. புல்லெல்லாம் நனைந்து வெள்ளையாகக் கிடந்தது. பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி வகுப்புக்குப் போடுகிற நீலக் காற்சட்டையும் பழைய ஜேர்சியும் போட்டு, பின்னலைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, ஜோசப்பின் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எங்க போற?"

"நேத்துப் போன எடத்துக்குத்தான். வாவியச் சுத்தி ஓடிட்டு வந்துர்றேன்."

"இன்னைக்குமா?"

"நேத்து சாப்பிட்டோம்னு இன்னைக்குச் சாப்பிடாம இருக்கோமா?" என்று சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை என்று கண்டதும் குரலைத் தணித்துக்கொண்டாள். "நாலு நாளைக்குத்தானே வந்துருக்கோம். அங்க நோட்டன் பிரிட்ஜ்ல நான் ரோட்டுல ஓடினா தோட்டத்து லயத்து வீட்டுச் சனம் முழுக்க வாசலுக்கு வந்துரும், டீச்சரம்மாவுக்கு என்னமோ ஆயிருச்சுன்னு. இங்க என்னைய யாருக்குத் தெரியும்? நீங்களும் வாங்களேன்."

"நானா? நான் ஓடுறதா?"

சொன்ன பிறகுதான் அந்தச் சொல் இருவருக்கும் நடுவில் விழுந்து கிடப்பது தெரிந்தது. ஜோசப்பின் எழுந்து அவன் தோளில் கையை வைத்து ஒரு தட்டுத் தட்டிவிட்டு, வேலிக் கதவைத் தாண்டி ரோட்டில் இறங்கினாள். சைப்பிரஸ் மரங்களுக்கு நடுவில் அவளுடைய சப்பாத்துச் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

ஆயிரத்துத் தொளாயிரத்து எண்பத்து நாலாம் வருஷத்து ஏப்ரல் மாதம் அது. நுவரெலியாவில் சீசன். கொழும்பிலிருந்து கார் காராக ஆட்கள் வந்து இறங்கியிருந்தார்கள். குதிரைப் பந்தயம், பூக்காட்சி, வாவிக்கரையில் கார்னிவல் என்று ஊர் அமர்க்களப்பட்டது. வெரோணிக்கா பெரிய ராட்டினத்தில் ஏற வேண்டும் என்று கிறிஸ்மஸிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். ஜோசப்பினுக்கும் வர ஆசை. அவள் இந்த ஊரில்தான் போர்டிங்கில் தங்கிப் படித்தாள். இந்த வாவிக்கரையில் ஓடிப் பழகித்தான் பள்ளிக்கூடத்துக்குக் கிண்ணங்கள் வாங்கிக் கொடுத்தாள். இப்போது ஹட்டனில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை.

அமிர்தநாதனுக்கும் பழகிய ஊர்தான். பல வருஷம் இங்கே பஜாரில் ஒரு புடவைக் கடையில் வேலை பார்த்தான். போன ஆடி மாதத்துக் கலவரத்தில் தமிழர் கடைகளைக் கொளுத்தியபோது அந்தக் கடையும் எரிந்தது. மேல்மாடி ஜன்னலிலிருந்து அவன் தெருவைப் பார்த்தான். ஆட்கள் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். பின்பக்கச் சுவரேறிக் குதித்து, லீக்ஸ் பாத்திகளை மிதித்துக்கொண்டு ஓடி, ராகலை ரோட்டைப் பிடித்து, அங்கிருந்து தேயிலைக்குள் புகுந்து ஓடினான். மூச்சு நின்றுவிடும் என்கிற மட்டும் ஓடினான். ஒரு தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் அவனை ஒளித்து வைத்துச் சோறு போட்டார்கள். அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் ஜோசப்பின் குழந்தையை வைத்துக்கொண்டு நோட்டன் பிரிட்ஜில் அம்மா வீட்டில் கிடந்தாள். முதலாளி குடும்பத்தோடு திருச்சிக்குப் போய்விட்டார். அமிர்தநாதன் நோட்டன் பக்கத்தில் ஒரு தோட்டத்து ஆபீசில் கிளாக்கர் வேலையில் சேர்ந்தான். அதற்குப் பிறகு இப்போதுதான் இந்த ஊரில் கால் வைக்கிறான். அன்றைக்குப் பிறகு அவன் ஒருநாளும் ஓடியதில்லை. பஸ் கிளம்பினால்கூட அடுத்த பஸ்ஸுக்கு நிற்பான்.

அவர்கள் தங்கியிருந்தது கொழும்புக்காரர் ஒருவருடைய பங்களாவின் பின்னறையில். அங்கே காவலுக்கு இருந்த மூக்கன், ஜோசப்பினுடைய அப்பாவோடு ஒரே தோட்டத்தில் வேலை செய்தவர். "பங்களாக்காரங்க இந்த வருசம் வரல. சும்மா கெடக்கிற ரூமுதானே, வந்து இருந்துட்டுப் போ தாயி" என்று சொல்லியனுப்பியிருந்தார்.

அமிர்தநாதன் வேலிக் கதவருகில் நின்றபடியே இருந்தான். மூக்கன் கையில் பிளேன்டீயோடு வந்தார்.

"குடிங்க மாப்புள. புள்ள வந்துரும். நேத்து வரலியா?"

"வந்துருவா மாமா."

"அப்பறம் ஏன் அந்தக் கம்பியப் போட்டு இந்த இறுக்கு இறுக்குறீங்க?"

பார்த்தான். வேலிக் கம்பியில் விரல்கள் வெளுத்துப் போயிருந்தன.

அவள் திரும்பி வந்தபோது முகம் சிவந்து, நெற்றியெல்லாம் வேர்வையும் பனியும் கலந்து வழிந்தது. பேச மூச்சு வராமல் இடுப்பில் கை வைத்து நின்றாள். பிறகு கொட்டித் தீர்த்தாள். வாவித் தண்ணீரிலிருந்து ஆவி எழும்புகிறதாம், கறிச்சட்டி கொதிக்கிற மாதிரி. பந்தயக் குதிரைகளை நடத்திக்கொண்டு போகிறார்களாம். அவை மூச்சு விட்டால் புகை புகையாக வருகிறதாம். ஒரு குதிரை அவளோடு கொஞ்ச தூரம் சேர்ந்து ஓடியதாம்.

"குதிரைக்காரன் என்ன சொன்னான்?" என்று கேட்டான் அமிர்தநாதன்.

"என்ன சொல்றது? சிரிச்சான்."

"என்னா பாஷையில பேசினான்?"

ஜோசப்பின் அவனை ஒரு கணம் பார்த்தாள். "குதிரைய அதட்டினான்ங்க. அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு முகம் கழுவப் போனாள்.

சாயங்காலம் கார்னிவலுக்குப் போனார்கள். வாவிக்கரை முழுவதும் விளக்குச் சரங்கள். ஒலிபெருக்கிகள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. மரணக்கிணற்றில் மோட்டார் சைக்கிள் உறுமுகிற ஒவ்வொரு தடவையும் அமிர்தநாதன் திரும்பிப் பார்த்தான். வெரோணிக்கா அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சின்ன ராட்டினத்துக்கும் குதிரை ராட்டினத்துக்கும் ஓடினாள். அவன் விளக்குகளைப் பார்க்கவில்லை. ஆட்களின் முகங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

குதிரை ராட்டினத்தைக் கையால் சுற்றிவிடுகிறவன் தலையில் சிவப்புக் கம்பளித் தொப்பி போட்டிருந்தான். அகலமான முகம், தடித்த மீசை. வெரோணிக்கா ஏறிய மரக்குதிரை ஒரு சுற்று வந்து, இன்னொரு சுற்று வந்து, அவனைத் தாண்டும்போது அமிர்தநாதனின் கண் அந்தத் தொப்பியிலேயே நின்றது. அந்த ஜன்னல். கீழே தெருவில் கூட்டம். கூட்டத்தில் ஒரு சிவப்புத் தொப்பி, இதே மாதிரி அகலமான முகம். இவனா? இந்தக் குளிர் ஊரில் தொப்பி போடாதவன் யார்? மீசை வைக்காதவன் யார்? தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். மனசு கேட்கவில்லை.

ராட்டினம் நின்றது. அந்த ஆள் வெரோணிக்காவைத் தூக்கி இறக்கிவிட்டு, நேராக அமிர்தநாதனிடம் வந்து உற்றுப் பார்த்தான். பஜாரில் வேலை செய்கிற சிங்களவர்கள் பேசுகிற தமிழில், ஐயா என்பதை மாத்தயா என்று சொல்லிக் கேட்டான்.

"மாத்தயா... பொடவக் கட மாத்தயா தானே?"

"இல்ல" என்றான் அமிர்தநாதன்.

"பஜார்ல, பெரிய கட..."

"இல்ல இல்ல. நான் ஹட்டன். நீங்க வேற ஆளச் சொல்றீங்க."

அந்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அமிர்தநாதன் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தான். ஜோசப்பின் பின்னாலேயே வந்தாள்.

"ஏங்க, யாரு அது?"

"யாரோ. நட."

"ஏன் இல்லைன்னு சொன்னீங்க?"

"நடன்னு சொன்னேன்ல!"

வெரோணிக்கா பெரிய ராட்டினத்தில் இன்னும் ஏறவே இல்லை என்று அழுதாள். நாளைக்கு, நாளைக்கு என்று சொல்லிக்கொண்டே அவளை அறைக்குக் கொண்டுவந்து சேர்த்தான்.

அடுத்த நாள் அவனுக்கு விழிப்பு வந்தபோது வெளிச்சம் நன்றாக வந்துவிட்டிருந்தது. படியில் சப்பாத்து இல்லை. அடுப்படியில் மூக்கன் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தார்.

"எழுப்ப வேணாம்னுச்சு மாப்புள. நேத்து நீங்க சரியாத் தூங்கலையாம். இன்னைக்கு ராகலை ரோட்டுப் பக்கம் மேல ஏறிப் போறேன்னு சொல்லச் சொல்லிச்சு. அங்கன இருந்து பாத்தா ஊரே தெரியுமாம்."

"ராகலை ரோடா?"

"ஆமா. போயி ரொம்ப நேரமாச்சு. இந்நேரம் வந்துருக்கணும்."

அமிர்தநாதன் வெளியே வந்து மேட்டுப் பக்கம் பார்த்தான். மலையே இல்லை. மூடுபனி இறங்கி மரங்களின் பாதியை விழுங்கிவிட்டிருந்தது. அந்த ரோட்டில் எந்த இடத்தில் வளைவு, எந்த இடத்தில் மதகு, எந்த இடத்தில் தேயிலைக்குள் இறங்க வழி என்பதெல்லாம் அவன் கால்களுக்குத் தெரியும். அங்கே இப்போது ஜோசப்பின் தனியாக. ஒரு பொம்பிளை ஓடினால் பின்னாலிருந்து பார்க்கிறவன் என்ன நினைப்பான்? யார் இவள், எதற்கு ஓடுகிறாள் என்று கேட்கமாட்டானா? கேட்டால் பரவாயில்லை. கேட்காவிட்டால்?

"மாமா, புள்ளயப் பாத்துக்கிருங்க" என்று சொல்லிவிட்டு, கட்டியிருந்த சாரத்தோடும் காலில் கிடந்த ரப்பர்ச் செருப்போடும் ரோட்டில் இறங்கினான்.

முதலில் நடந்தான். எதிரே தலையில் லீக்ஸ் கட்டோடு ஒரு பெண் வந்தாள். ஓடுகிற பெண் யாரையாவது பார்த்தாளா என்று கேட்க வாயெடுத்து, எந்தப் பாஷையில் கேட்பது என்று தயங்கினான். அதற்குள் அவள் கடந்து போய்விட்டாள். பிறகு வேகமாக நடந்தான். வாவிக்கரை வந்தபோது வேகமாக நடக்கிறோமா ஓடுகிறோமா என்று அவனுக்கே தெரியவில்லை.

கார்னிவல் இடம் பகலில் பார்க்கப் பாழடைந்து கிடந்தது. பெரிய ராட்டினத்தின் பெட்டிகளில் தண்ணீர் சொட்டியது. படங்குத் துணிகளுக்குக் கீழே ஆட்கள் படுத்திருந்தார்கள். டவுனுக்குப் போகிற குறுக்குவழி அந்தக் கூடாரங்களுக்கு நடுவில்தான். அமிர்தநாதன் அதற்குள் புகுந்தான். ஒரு நாய் குரைத்துக்கொண்டு காலைச் சுற்றியது. அவன் உதறிவிட்டு ஓடினான். கயிற்றில் கால் தடுக்கி, ஒரு கூடாரத்தின் முளை பிடுங்கிக்கொண்டு, துணி சரிந்து உள்ளே கிடந்தவன் மேல் விழுந்தது.

"ஹொரெக்!" என்று அலறினான் உள்ளே கிடந்தவன். "ஹொரெக்! ஹொரெக்!"

திருடன் என்று சொல்கிறான். நின்று, மன்னித்துக்கொள்ளுங்கள், கால் தடுக்கிவிட்டது என்று சொன்னால் முடிந்தது. அமிர்தநாதனுக்கு அது தெரிந்தது. ஆனால் பின்னால் ஆட்கள் எழும்புகிற சத்தமும், நாலைந்து குரல்கள் சேர்ந்து கத்துகிற சத்தமும் காதில் விழுந்ததும் அவன் கால்கள் அவனைக் கேட்கவில்லை. சாரத்தை முட்டிக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினான். ஒரு செருப்பு எங்கோ பறந்தது. குளிர்ந்த சேறு விரல்களுக்கிடையில் பிதுங்கியது. முன்னால் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்தபோது முள்ளுக்கம்பி வேலி. அதற்கு அப்பால் தண்ணீர்.

திரும்பினான். சுற்றி வளைத்து நின்றார்கள். அப்படி ஒன்றும் பெரிய கூட்டமில்லை. தூக்கம் கலையாத முகங்கள். ஒருத்தன் கையில் கூடாரக் கம்பு. ஒருத்தன் வாயில் பல்துலக்குகிற நுரை.

"மொகத துவன்னே?" என்றான் கம்புக்காரன். ஏன் ஓடுகிறாய் என்று கேட்டான்.

பல வருஷம் அமிர்தநாதன் சிங்களத்தில் பேசிப் புடவை விற்றவன். கல்யாண வீட்டுக்காரர்களைச் சிரிக்க வைத்துச் சாமான் கட்டிக் கொடுத்தவன். இப்போது ஒரு சொல் வரவில்லை. வாய் திறந்தது. வந்தது தமிழ்.

"என் பொஞ்சாதியத் தேடுறேன்."

நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் வேலிக் கம்பியைப் பின்னால் கையால் தடவினான். தண்ணீர் எவ்வளவு ஆழம் இருக்கும் என்று யோசித்தான். தனக்கு நீச்சல் தெரியாது என்பதையும் யோசித்தான்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவன் முன்னால் வந்தான். தொப்பி இல்லாமல் அடையாளம் தெரியச் சற்று நேரமானது. அகலமான முகம், தடித்த மீசை. குதிரை ராட்டினம் சுற்றுகிறவன்.

அமிர்தநாதன் கண்ணை மூடிக்கொண்டான்.

"மே ரெதி கடே மஹத்தயா" என்று அந்த ஆள் மற்றவர்களிடம் சொல்வது கேட்டது. இது புடவைக் கடை ஐயா. அப்புறம் சிங்களத்தில் படபடவென்று பேசினான். பஜாரில் லொறியிலிருந்து துணிப்பொதி இறக்கிய காலத்தில் அந்தக் கடைக்கு எத்தனை பொதி சுமந்திருக்கிறேன் தெரியுமா, என் கல்யாணத்துக்குச் சாரம் எடுத்துக் கொடுத்தது இவர்தான், இவர் ஏன் திருடப் போகிறார், கம்பைக் கீழே போடு. கம்புக்காரன் முணுமுணுத்துக்கொண்டு கம்பைச் சாய்த்தான். கூடாரம் விழுந்தவன் மட்டும் கொஞ்ச நேரம் ஏசினான். ஒருத்தன் சிரித்தான். அதோடு ஆட்கள் கலைய ஆரம்பித்தார்கள். யாரோ செருப்பைக் கொண்டுவந்து அவன் காலடியில் போட்டுவிட்டுப் போனார்கள்.

"நான் ஜயசேன" என்றான் அந்த ஆள் தமிழில். "மாத்தயா மறந்துட்டது."

"இல்ல. மறக்கல" என்றான் அமிர்தநாதன். முந்தின நாள் வேற ஆள் என்று சொன்னது நினைவுக்கு வந்தது. அதைச் சொல்லவில்லை. அதைவிடப் பெரிதாக ஒரு கேள்வி இருந்தது. அன்றைக்கு நீ எங்கே இருந்தாய்? தெருவில் வந்த கூட்டத்தில் நீ இருந்தாயா? முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"போஹொம ஸ்தூதி" என்றான். நன்றி சொல்லும்போதாவது சிங்களம் திரும்பி வந்தது.

அப்போதுதான் ரோட்டில் சப்பாத்துச் சத்தம் கேட்டது. ஜோசப்பின் பனிக்குள்ளிருந்து ஓடி வந்துகொண்டிருந்தாள். அவனைப் பார்த்தாள். சேறு பூசிய கால், தூக்கிப் பிடித்த சாரம், சுற்றிலும் இன்னும் போகாமல் நிற்கிற சில ஆட்கள். அப்படியே நின்றுவிட்டாள்.

"நோனா" என்று மரியாதையாக அவளைக் கூப்பிட்டான் ஜயசேன. "மாத்தயாவுக்குப் பயம். தனியா உட வேணாம்."

பங்களாவுக்குத் திரும்பி நடந்தார்கள். வேலிக் கதவு தெரிகிற இடத்துக்கு வந்தபோது ஜோசப்பின் சொன்னாள்.

"மேல போனதும் பனி மூடிக்கிச்சு. கண்ணு தெரியல. சரி, கலையட்டும்னு ஒரு மதகு மேல உக்காந்துட்டேன். கொஞ்ச நேரத்துல பனி வெலகி வாவி மட்டும் தெரிஞ்சுச்சு. ஒரு தட்டக் கழுவி வச்ச மாதிரி. எழுந்திரிக்கவே மனசு வரல." அவன் காலில் காய்ந்திருந்த சேற்றைப் பார்த்தாள். "நான் அங்க உக்காந்து சந்தோஷப்பட்டுக்கிட்டு இருந்துருக்கேன். நீங்க இங்க..."

"ஒன்னும் ஆகலையே."

"ஆயிருந்தா?"

அவன் வேலிக் கதவைத் திறந்து அவளை முன்னால் போகவிட்டான்.

அன்றைக்கு முழுவதும் மழை. கார்னிவலில் விளக்கே போடவில்லை. ஜோசப்பின் சப்பாத்தைத் துடைத்துத் துணிப்பையின் அடியில் வைத்து, அதன்மேல் வெரோணிக்காவின் உடுப்பையெல்லாம் அடுக்கினாள். அமிர்தநாதன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மனசு லேசாகியிருக்க வேண்டும். இனிமேல் காலையில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். ஆனால் பக்கத்து வளவில் நாய் குரைத்த ஒவ்வொரு தடவையும் ஜோசப்பின் தலை கதவுப் பக்கம் திரும்பியது. மூக்கன் விறகைத் தொப்பென்று போட்டபோது அவள் குழந்தையைப் பிடித்து இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தான் இத்தனை மாதமாக எப்படி இருக்கிறோம் என்று அவன் வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. இவளுக்கு இது எப்போது தொற்றியது? காலையில் ரோட்டில் நின்றாளே, அந்த நிமிஷமா? அவனுக்கு அதைத் தாங்க முடியவில்லை. தன் பயத்தை அவன் எப்படியோ வைத்து மேய்த்துவிடுவான். பழகிவிட்டது. அவளுடையதை என்ன செய்வது?

மறுநாள் விடிகிற நேரத்தில் அவன் விழித்துக் கிடந்தான். அவளும் விழித்திருக்கிறாள் என்று அவள் மூச்சிலேயே தெரிந்தது.

"எந்திரி" என்றான்.

"எதுக்கு?"

"ஓட வேணாமா?"

"வேணாங்க. ஆசை தீந்துருச்சு."

"தீரல. எந்திரி. நானும் வர்றேன்."

அவள் எழுந்து உட்கார்ந்து இருட்டில் அவன் முகத்தைத் தேடினாள். "வெளையாடுறீங்களா? ஒங்களுக்குச் சப்பாத்துகூடக் கெடையாது."

மூக்கனிடம் போய்க் கேட்டான். அவர் ஒன்றும் கேட்காமல், பங்களாக்காரர் விட்டுப்போன ஒரு பழைய கேன்வஸ் சப்பாத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தார். ஒரு அளவு பெரிது. முன்பக்கம் பேப்பரைச் சுருட்டித் திணித்துக்கொண்டான். காற்சட்டைக் காலை மடித்துவிட்டுக்கொண்டான். ஜோசப்பின் பையின் அடியைத் துழாவித் தன் சப்பாத்தை எடுத்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. கயிற்றைக் கட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி கட்டினாள். அவன் குனிந்து, அவள் கையை விலக்கிவிட்டுத் தானே கட்டிவிட்டான்.

ரோட்டில் இறங்கினார்கள். முதலில் இருவரும் நடந்தார்கள். பிறகு ஜோசப்பின், "மெதுவா, மெதுவா, மூக்கால மூச்ச விடுங்க" என்று சொல்லிக்கொண்டே ஓட ஆரம்பித்தாள். அவன் பின்தொடர்ந்தான். சப்பாத்துக்குள் பேப்பர் கரகரவென்றது. கொஞ்ச தூரத்திலேயே மார்பு எரிந்தது. இந்த எரிச்சலை அவன் உடம்புக்குத் தெரியும். எரிச்சல் வந்ததும் அந்த நாளும் கூடவே வந்தது, சுவரும் லீக்ஸ் பாத்தியும் புகை நாற்றமும். நின்றுவிட்டான். முட்டியில் கையை ஊன்றிக் குனிந்தான்.

ஜோசப்பின் திரும்பி வந்தாள். "போயிருவமா?"

"இரு. நடந்து போவம்."

நடந்தார்கள். பிறகு ஓடினார்கள். பிறகு நடந்தார்கள். அவள் அடுத்த சைப்பிரஸ் மரம் வரை ஓடிப் போய், அவனுக்காகத் திரும்பி வருவாள். அப்படி அவள் தூரம் போகிற ஒவ்வொரு தடவையும் அவன் எண்ணம் முழுக்க அவள் முதுகிலேயே இருந்தது. அவள் திரும்பித் திரும்பி அவனைப் பார்த்துக்கொண்டே ஓடினாள்.

கார்னிவல் இடத்தை நெருங்கியபோது இருவரும் பேசிக்கொள்ளாமலே வேகத்தைக் குறைத்தார்கள். குழாயடியில் சிலர் முகம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஜயசேன இருந்தான். நிமிர்ந்து பார்த்துக் கையைத் தூக்கினான். அமிர்தநாதன் உடனே கையைத் தூக்கவில்லை. நாலு எட்டு கடந்த பிறகுதான் தூக்கினான். அதற்குள் ஜயசேன மறுபடி குனிந்து வாயைக் கொப்பளிக்கத் தொடங்கிவிட்டான். பார்த்தானோ இல்லையோ தெரியாது.

பந்தயத் திடலில் குதிரைகளை நடத்திக்கொண்டு போனார்கள். அவை மூச்சு விட்டபோது ஜோசப்பின் சொன்ன மாதிரியே புகை வந்தது. "அங்க பாருங்க" என்று அவள் அவன் கையைப் பிடித்து இழுத்தாள். அவன் பார்த்தான். அழகாகத்தான் இருந்தது. அதை அவளிடம் சொல்லவும் செய்தான். மார்புக்குள் துடிப்பு மட்டும் அடங்கவில்லை. ஓடியதாலா, வேறு எதனாலா என்று பிரித்துப் பார்க்க அவனால் முடியவில்லை. ராகலை ரோடு பிரிகிற முடக்கு வந்ததும், "இன்னைக்கு இம்புட்டுப் போதும்" என்றான். அவளும் அதற்கு மேல் போக வேண்டும் என்று சொல்லவில்லை. மேலே மலை முழுவதும் தெளிந்து தேயிலை பச்சையாகக் கிடந்தது. இருவரும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள்.

மத்தியானம் வெரோணிக்காவைப் பெரிய ராட்டினத்தில் ஏற்றிவிட்டு, மூக்கனிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஏறினார்கள். பஸ்ஸில் உட்கார்ந்திருந்த நேரத்தில் அமிர்தநாதனின் தொடைகள் மரக்கட்டையாக இறுகிவிட்டன. ஹட்டனில் இறங்கும்போது படியில் கால் வைக்க முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினான். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள்.

"அம்மா, அப்பா ஏன் நொண்டுறாங்க?" என்று கேட்டாள் வெரோணிக்கா.

"காலையில அப்பா ஓடினாங்கல்ல, அதான்" என்றாள் ஜோசப்பின். பஸ் ஸ்டாண்டு சத்தத்தில் அவள் உரக்கத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

அமிர்தநாதன் சட்டென்று சுற்றுமுற்றும் பார்த்தான். வடை விற்கிறவன் வடை விற்றுக்கொண்டிருந்தான். நோட்டன் பிரிட்ஜ் பஸ்ஸின் கண்டக்டர் ஆட்களைக் கூவிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, தொடையைத் தடவிவிட்டுக்கொண்டே, அந்த பஸ்ஸை நோக்கி நொண்டி நொண்டி நடந்தான்.